ஊமை வீட்டுப் பித்தளைப் பில்லை

ராயபுரத்தில் எங்கள் சந்தில் வளர்ந்தவர்களே, எண்பதைத் தொட்டும் தாண்டியும் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவர்களே, முதலில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டுக்கு ‘ஊமை வூடு’ என்று பெயர் வைத்தது யார்? கையைத் தூக்குங்கள். தூக்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். பயப்பட வேண்டாம். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அந்தப் பெயரை நான் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறேன். கொடுத்தவருக்கு ஒரு வணக்கம் சொல்லலாம் என்றுதான் தேடுகிறேன்.

என் தம்பியை உங்களுக்கு நினைவிருக்கும். அவன் மாதிரிப் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது. சத்தமும் வெளிச்சமும் துணியும் வாசனையும் அவர்கள் உடம்பில் நம்மைவிடப் பல மடங்கு கூடுதலாக ஏறுமாம். பிள்ளையை அடித்து மாற்றுவதை விட்டு, பிள்ளையைச் சுற்றியிருப்பதை மாற்ற வேண்டுமாம். என் பேத்தி போனில் படித்துக் காட்டினாள். நான் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் அது எந்த அரசாங்கமும் போடாத சட்டமாக எப்போதோ அமலுக்கு வந்துவிட்டது. அதற்காக நாங்கள் வாங்கிய பேச்சும் அடியும் கொஞ்சமில்லை. போன மாதம் வங்கியில் ஒன்று நடந்தது. அது நடந்திருக்காவிட்டால் இதையெல்லாம் எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் சந்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சத்தத்துக்கு வந்ததில்லை. ஒரு பக்கம் சரக்கு ரயில் பாதை. வேகன்களைக் கொண்டுவந்து முட்டிப் பூட்டும்போது பலகையில் வைத்த தம்ளர்கள் நகரும். மறுபக்கம் துறைமுகம். கப்பல் ஊதினால் வயிற்றுக்குள் கேட்கும். நடுவில் குழாயடி, ஒன்றோடொன்று இடிக்கும் பித்தளைக் குடங்கள். சந்து ஆண்களில் பாதிப் பேர் பட்டறை வேலை, காது மந்தம். அதனால் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம். நம்மவர்கள் உப்புக் கடன் கேட்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் கைகலப்பு என்று நினைத்து விலக்கிவிட வந்ததுண்டு.

என் நைனா துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் பாய்லர் வேலை செய்தார். கப்பல் பாய்லரின் இரும்புத் தகடுகளைப் பழுக்கக் காய்ச்சிய ஆணிகளால் இணைப்பார்கள். வெளியே இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சம்மட்டி போடுவார்கள். உள்ளே ஒருத்தர் குந்தி உட்கார்ந்து அந்த ஆணியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே உட்காருகிறவர் என் நைனா. அவருக்கு வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் கால்வாசி மிச்சம். தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவருக்கே தெரியாது. எங்கள் வீட்டுக்குள் அவர் ‘தண்ணி’ என்று கேட்டால் சந்து முனையில் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும்.

அந்த வீட்டில்தான் என் தம்பி பிறந்தான். எனக்கு இரண்டு வயது இளையவன். நான் சொல்லும் வருடத்தில் அவனுக்கு ஏழு வயது. கூப்பிட்டால் திரும்பமாட்டான். நைனா பேச ஆரம்பித்தால் கட்டிலுக்கு அடியில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆடுவான். கஞ்சி போட்ட சட்டையை மாட்டினால் கழுத்துப்பட்டியைக் கிழித்துவிடுவான். அலுமினியத் தட்டில் கரண்டி உரசினால் சாப்பிட்டதை வாந்தி எடுப்பான். பேச்சு வரும், ஆனால் எண்ணி எண்ணித்தான் வரும்.

இதற்கு நைனா ஒரு காரணம் வைத்திருந்தார். சம்மட்டிச் சத்தம் பாய்லர்காரனின் எலும்புக்குள் இறங்கி, அவனுக்குப் பிறக்கும் பிள்ளையின் காதுக்கும் போகும் என்று பட்டறையில் ஒரு நம்பிக்கை. “எங் காதுதான்மே அவனுக்குப் போயிக்கீது. எல்லாம் நான் செஞ்ச பாவம்” என்று அம்மாவிடம் சொல்லி அழுவார். பிள்ளை செவிடாகிக்கொண்டு வருகிறான், மிச்சமிருக்கும் காதாவது அடைத்துக்கொள்ளக் கூடாது என்று தினமும் சாயங்காலம் அவனை மடியில் இறுக்கி உட்காரவைத்து, காதோரம் குனிந்து, “டேய் கண்ணு! கேக்குதாடா! நைனாடா!” என்று கத்துவார். தம்பி துடிப்பான். கேட்காத ஏக்கத்தில் துடிக்கிறான் என்று நைனா இன்னும் உரக்கக் கத்துவார். அவ்வளவு பிரியத்தோடு ஒரு பிள்ளையை யாரும் வதைத்திருக்கமாட்டார்கள்.

எனக்கு விஷயம் தெரியும். இஞ்சின் கொருக்குப்பேட்டைப் பக்கம் வரும்போதே தம்பியின் விரல்கள் காதுக்குப் போய்விடும். நமக்கு அது கேட்பதற்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். “அவனுக்கு நம்மளவிட நல்லா கேக்குதும்மா” என்று சொன்னேன். “நீ கம்முனு இரு. ஒம்போது வயசுல டாக்டர் மாதிரி பேசாதே” என்றாள் அம்மா.

எங்கள் பக்கத்து வீட்டு மீன்கார அத்தையை மறந்திருக்கமாட்டீர்கள். ‘மீனேய்’ என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்று சந்துக்கு வியாபாரம் முடிந்துவிடும். தம்பி மேல் அவளுக்கு உயிர். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள் வந்தபோது அவள்தான் அம்மாவிடம் சொன்னாள்.

“புள்ளை எத்தயோ பாத்து பயந்துக்கீதுமே. பம்பை அடிக்கிற எடத்துல குந்த வெச்சா பயம் ஓடிப்பூடும். எம்மாம் பேருக்கு சரியாகிக்கீது தெரியுமா.”

கூட்டிக்கொண்டு போனார்கள். பம்பைக்காரர்களுக்கு நடுவில், சாமியாடுகிறவர்களின் கால்களுக்கு நடுவில், அவனை உட்காரவைத்து அத்தை தோளைப் பிடித்துக்கொண்டாள், அம்மா காலைப் பிடித்துக்கொண்டாள். வேப்பிலை, சாம்பிராணி, கூழ், வெங்காயம், வியர்வை, நான்கு பம்பை, உடுக்கை. தம்பி முதலில் கத்தினான். பிறகு தன் கையைத் தானே கடித்தான். பிறகு அசையாமல் ஆகிவிட்டான். “பாத்தியா, அடங்கிடுச்சு” என்றாள் அத்தை, கண்ணில் தண்ணீரோடு. அவன் நான்கு நாள் வாயில் ஒரு பருக்கை வைக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. என்மேலும் குற்றம் இருக்கிறது. அன்று அவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். ஓடிப்போய் அம்மாவின் கையைத் தட்டிவிட்டிருக்கலாம். செய்யவில்லை.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு நைனாவின் பட்டறைச் சிநேகிதர் ஒருவர் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். அவரும் காது போனவர். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் வாயால் பேசமாட்டார்கள். பாய்லர் பட்டறையில் எவன் கத்தினாலும் எவனுக்கும் கேட்காது. அதனால் அங்கே எல்லாம் கைதான். விரல் நுனியை ஊதினால் ‘ஆணி சூடாகிவிட்டது’. மீசையை முறுக்கினால் ‘மேஸ்திரி வருகிறார்’. இரண்டு விரலால் நெஞ்சைத் தட்டினால் ‘வந்துட்டேன்’ அல்லது ‘இங்கேதான் இருக்கிறேன்’. உள்ளங்கையைத் தரையைப் பார்த்து வைத்து நெஞ்சுக்கு நேராக ஒரு வெட்டு வெட்டினால் ‘போதும், அடியை நிறுத்து’. உள்ளே உட்கார்ந்திருப்பவனின் உயிர் அந்த ஒரு வெட்டில்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டால் எப்பேர்ப்பட்டவனும் ஓங்கிய சம்மட்டியை அப்படியே இறக்கிவிட வேண்டும்.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அப்படி ஒரு அமைதி. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து முதலில் ஒரு கால் வந்தது. பிறகு முழுத் தம்பியும் வந்தான். அவர்களுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைகளையே பார்த்தான். நல்ல சினிமா பார்ப்பவனின் முகம் அப்போது அவனுக்கு. ரொட்டியைக்கூடப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

நைனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவனைப் பார்த்து, “டேய் கண்ணு! சாப்டியா!” என்று கத்தினார்.

தம்பி ஒரு கையால் காதைப் பொத்தினான். இன்னொரு கையை எடுத்து, உள்ளங்கையைத் தரையைப் பார்த்து வைத்து, நெஞ்சுக்கு நேராக ஒரு வெட்டு வெட்டினான்.

போதும். அடியை நிறுத்து.

நைனா வாயைத் திறந்தபடி இருந்தார். சிநேகிதர்தான் முதலில் புரிந்துகொண்டார். நைனாவின் முழங்காலைத் தட்டி, தம்பியைக் காட்டி, தன் காதைக் காட்டி, சம்மட்டி ஓங்கும் மாதிரி கையை வைத்துக் காட்டினார். பிள்ளைதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறான், நீதான் வெளியே நின்று அடிக்கிறாய். நைனாவுக்கு அது புரிந்த நிமிடத்தை நான் பார்த்தேன். தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து சத்தமே இல்லாமல் அழுதார்.

அன்றிலிருந்து என் நைனா வீட்டுக்குள் வாய் திறக்கவில்லை. மெதுவாகப் பேச அவரால் முடியாது, தன் குரலை அளக்க அவருக்குக் காது இல்லை. அதனால் முழுசாக நிறுத்திவிட்டார். ஆறு மாதத்தில் நாங்கள் நான்கு பேரும் கையால் வண்டி வண்டியாகப் பேச ஆரம்பித்துவிட்டோம். அம்மாவுக்கு மூக்குத்தியைத் தொடுவது பெயர், எனக்கு ஜடையைத் தொடுவது. கணவனோடு கையால் சண்டை போடுவதில் என் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டு கையிலும் மாவு இருந்தால் மட்டும்தான் நைனா தப்பிப்பார்.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. அலுமினியத் தட்டுகள் பரணுக்குப் போயின, தையல் இலை வந்தது. இலையில் எதுவும் உரசாது. குடங்களுக்கு அடியில் பழைய கப்பல் கயிற்றைச் சுருட்டி வைத்தோம். தம்பியின் சட்டைக்குக் கஞ்சி போடுவது நின்றது. தையல் குத்துகிறது என்று அவன் காட்டியதும் அம்மா சட்டையை உள்புறம் வெளியே வரும்படி தைத்தாள். கஞ்சி மடிப்புக் கலையாமல் எங்களை அனுப்புவதே கௌரவம் என்றிருந்தவள் அவள். பொங்கலன்று அவனுக்குத் தையல் வெளியே தெரியும் புதுச் சட்டையைப் போட்டுக் கூட்டிக்கொண்டு நடந்தபோது, குழாயடியில் ஒருத்தி, “இன்னாமே, புள்ளைக்கு சொக்கா திருப்பிப் போட்டுக்கீறே, அபசகுனம்” என்றாள்.

“சொக்கா அவன் ஒடம்புக்கு போட்டது. உன் கண்ணுக்கு இல்ல” என்றாள் அம்மா. நின்றுகூடப் பேசவில்லை, நடந்துகொண்டே சொன்னாள்.

மீன்கார அத்தை ஒரு வாரம் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. வந்தபோது கூடையைச் சந்து முனையிலேயே இறக்கிவிட்டு, நடந்து வந்து, வாசலில் நின்று, சங்கராவா வஞ்சிரமா என்று விரலால் மீன் நீளம் காட்டிக் கேட்டாள். எங்கள் ஜன்னலுக்கு நேரே காய்ந்துகொண்டிருந்த கருவாட்டை மறுபக்கச் சுவருக்கு மாற்றிவிட்டாள். பம்பை விஷயத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தீபாவளிக்கு வெடிச் சத்தம். அதற்கு நைனா கண்டுபிடித்த வழி எண்ணூர். விடியும்போதே தலைக்கு எண்ணெய் வைத்து, இட்லியைக் கட்டிக்கொண்டு, முதல் ரயிலில் எண்ணூருக்குப் போய் உப்பளத்து வரப்பில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். வெள்ளை வெளேரென்று உப்பு, தண்ணீர், கொக்கு, அவ்வளவுதான். தம்பிக்குக் கண் கூசியது, நைனா தன் துண்டை அவன் தலைக்கு முக்காடு போட்டார். அம்மா புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு, பார்க்க ஒரு கொக்கைத் தவிர ஆளில்லையே என்று கையாலேயே நைனாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். தம்பி அன்று சிரித்தான். எனக்குத் தெரிந்து அதுதான் அவன் சத்தமாகச் சிரித்த முதல் நாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது சந்தில் எங்களுக்குப் பெயர் வைத்திருந்தீர்கள். ஊமை வூடு.

வீட்டை அவனுக்கேற்ற மாதிரி மாற்றிவிட்டோம். பள்ளிக்கூடம் இருந்ததே.

தகரக் கூரை போட்ட ஒரே கூடம். இரண்டாம் வகுப்பு ஒரு பக்கம், நாம் நான்காம் வகுப்பு மறுபக்கம். நாற்பது பேர் சேர்ந்து வாய்ப்பாடு கத்தினால் கூரை அதைத் திருப்பிக் கத்தும். தம்பி பெஞ்சுக்கு அடியில்தான் இருப்பான். பட்டறையில் எண்ணெய் துடைக்கும் பஞ்சை ஏழு தடவை அலசிக் காயவைத்து, நைனாவின் பழைய காக்கித் தொப்பியில் காதுக்கு நேராக வைத்து அம்மா தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டால் பெஞ்சின்மேல் உட்காருவான், கணக்குப் போடுவான். நம்மைவிட நன்றாகவே போடுவான், மறுக்காதீர்கள். சின்ன வாத்தியார் அதைக் கண்டும் காணாமல் இருந்தார். தலைமை ஆசிரியரான பெரிய வாத்தியார் கண்ணில் ஒருநாள் பட்டுவிட்டது. “வகுப்பில் எவனடா தொப்பி போடுவது?” என்று பிடுங்கி அலமாரி மேல் எறிந்தார். அந்தத் தொப்பி அப்புறம் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. இன்றைக்கும் ஒரு பழைய அலமாரியைக் கண்டால் அதன் தலைமேல் என் கண் போகும்.

தொப்பி போன பிறகு தம்பி வருகைப் பதிவுக்கு வாய் திறக்கவில்லை. பெரிய வாத்தியார் நைனாவை வரச் சொன்னார். நைனா பட்டறையிலிருந்து கரியும் காக்கியுமாக வந்தார். வாசலில் நின்று, “வெளிய வாங்க வாத்தியாரய்யா. உள்ள புள்ளை கீறான், என் தொண்டை பெருசு” என்று கேட்டுக்கொண்டார். இரண்டு பேரும் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். ஆறு மாதமாகப் பூட்டி வைத்த குரலை நைனா அங்கேதான் திறந்தார். கூடம் முழுக்கக் கேட்டது, உங்களுக்கும் கேட்டது.

“எங்க பட்டறையில அம்மாம் பேரு வேலை செய்றோம். ஒருத்தனும் வந்துட்டேன்னு வாயால சொல்றதில்ல. இந்தா, இது மாதிரி நம்பர் போட்ட பித்தளைப் பில்லை. காலைல வந்து பலகையில மாட்டுனா வந்துட்டான்னு அர்த்தம். எம் புள்ளைக்கும் ஒரு பில்லை அடிச்சாந்துக்கீறேன். மேசை மேல வெப்பான். நீங்க பாத்து எழுதிக்கங்க.”

“இது பள்ளிக்கூடம்யா, பட்டறை இல்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். ‘உள்ளேன் ஐயா’ன்னு வாயால சொல்லணும். இல்லேன்னா பேரை அடிச்சிடுவேன். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு நானே கடுதாசி எழுதித் தர்றேன், கொண்டுபோய் விடுங்க.”

ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்கு நம் சந்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். போனவர்கள் யாரும் திரும்பி வந்ததை நாம் பார்த்ததில்லை. அன்று அம்மா பில்லையைத் துளை போட்டுச் சரடில் கோத்து தம்பி கழுத்தில் போட்டாள். ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரியது. நடுவில் நைனா ஏழு என்று கொத்தியிருந்தார், அவன் வயது.

வெள்ளிக்கிழமை பெரிய வாத்தியாரே பதிவேட்டை எடுத்தார். முதலில் நான்காம் வகுப்பு. அவருடைய மகனும் நம் வகுப்புதான். முதல் பெயரே அவனுடையது. எழுந்து நின்று ‘உள்ளேன் ஐயா’ என்று கணீரென்று சொன்னான். இன்னும் மூன்று பேர் சொன்னார்கள். அப்புறம் என் பெயர்.

நான் எழுந்தேன். வாயைத் திறக்கவில்லை. இரண்டு விரலால் நெஞ்சைத் தட்டினேன்.

முன்கூட்டி யோசித்த காரியம் இல்லை அது. வாய் வரவில்லை, கை போய்விட்டது. “என்ன?” என்றார். மறுபடியும் தட்டினேன். பிரம்பு உள்ளங்கையில் மூன்று தடவை விழுந்தது. அடுத்த பெயர் கடைக்கார பாய் மகளுடையது. என் சிநேகிதியே, நீ அன்று எழுந்து நின்று, என் சிவந்த கையைப் பார்த்துவிட்டு, இரண்டு விரலால் நெஞ்சைத் தட்டினாயே, அதை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். உனக்கும் மூன்று. உனக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர். தம்பியிடமிருந்து கற்ற கைப்பேச்சில் வகுப்பில் திருட்டுத்தனமாகக் கதை அடித்துப் பழகியவர்கள்தானே நாமெல்லாம். மற்றவர்கள் வாயால் சொன்னீர்கள். பரவாயில்லை, பிரம்பு எல்லோருக்கும் ஒன்றாக வலிப்பதில்லை.

பிறகு இரண்டாம் வகுப்பு. தம்பி பெயர் வந்தது. பெஞ்சுக்கு அடியிலிருந்து எழுந்து நடந்து போய், கழுத்திலிருந்து பில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். பெரிய வாத்தியார் அதைப் புறங்கையால் தள்ளினார். சரடு அறுந்து பில்லை கல்தரையில் விழுந்தது. விழுந்து நிற்கவில்லை, விளிம்பில் சுழன்று சுழன்று உருண்டது. அந்தப் பித்தளைச் சத்தம் தகரக் கூரையில் பட்டு எனக்கே பல் கூசியது. தம்பி காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டான். பில்லை உருண்டு வந்து பெரிய வாத்தியார் மகனின் பெஞ்சருகே சுழன்றது. அவன் தன் காலைத் தூக்கி அதன்மேல் வைத்து மிதித்தான்.

சத்தம் நின்றது. நான் ஓடிப்போய் அவன் காலைத் தள்ளிவிட்டுப் பில்லையை எடுத்தேன். “மெதிக்கிறியாடா? அப்பன் புத்தி!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

தம்பி நிமிர்ந்தான். ஒரு கையைக் காதிலிருந்து எடுத்தான். இரண்டு விரலால் நெஞ்சைத் தட்டினான். பெரிய வாத்தியாரைப் பார்த்து இன்னொரு தடவையும் தட்டினான். பிரம்பு உயர்ந்தது. அப்போதுதான் சின்ன வாத்தியார் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “எல்லாரும் வந்திருக்காங்க ஐயா. கண்ணுக்குத் தெரியுதே” என்று சொல்லி, மீதிப் பெயர்களுக்கு வாயால் கூப்பிடாமலே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் குறித்தார். பெரிய வாத்தியாரை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் அவருக்கு வரவில்லை. ஆனால் குறித்தார். பெரிய வாத்தியார் பிரம்பைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். மனம் மாறினார் என்றெல்லாம் நான் கதை விடமாட்டேன். அவருக்கு அன்று கை வலித்திருக்கும். ஆனால் பெயர் அடிபடவில்லை.

திங்கட்கிழமை காலை நைனா ஒரு கொக்கியோடு வந்தார். வாழ்நாள் முழுக்கச் சம்மட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர், கூடத்துக் கதவு நிலையில் அந்தக் கொக்கியை அடிக்கவில்லை. கையாலேயே திருகித் திருகி ஏற்றினார். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை தம்பி தினமும் அதில் பில்லையை மாட்டினான். சின்ன வாத்தியார் அதைப் பார்த்துக் குறித்தார். வாய்ப்பாட்டை மரத்தடிக்குக் கொண்டுபோய்ச் சொல்லவைத்தார். உங்களில் பலருக்கு அதனால் வெளிக்காற்று கிடைத்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தம்பி பிறகு துறைமுகக் கிடங்கில் மூட்டைகளுக்குக் குறி எழுதும் வேலையில் சேர்ந்து, ஓய்வூதியம் வாங்கும்வரை இருந்தான். நைனாவுக்குக் கடைசியில் மீதிக் காதும் போனது. அவரோடு தடையில்லாமல் பேசத் தெரிந்தவர்கள் நாங்கள் ஊமை வீட்டுக்காரர்கள்தான். செவிடான தகப்பன்களிடம் வாசலில் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிள்ளைகளை நம் சந்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி வங்கி. உயிரோடு இருக்கிறோம் என்று வருடத்துக்கு ஒரு தடவை நேரில் போய்க் காட்ட வேண்டும் அல்லவா. தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். பேத்தி வாங்கிக் கொடுத்த காது மூடியைப் போட்டிருந்தான். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பையன் ஒலிபெருக்கியில், “தாத்தா, அதைக் கழட்டுங்க. பேரைச் சத்தமா சொல்லுங்க” என்றான்.

“அதைக் கழற்றமாட்டான். எதிரே நிற்கிறான், பார்த்துக் குறித்துக்கொள்ளப்பா” என்றேன்.

“பாட்டி, நீங்க பேசாதீங்க. அவர் வாயால சொல்லணும்.”

வாயால சொல்லணும். அந்த வார்த்தை அதே இடத்தில் போய்க் குத்தியது. நான் ஆரம்பிப்பதற்குள் தம்பி சட்டைப் பையிலிருந்து பில்லையை எடுத்துக் கண்ணாடியின் கீழே வைத்தான். ஏழு தேய்ந்து ஒன்று மாதிரி ஆகிவிட்டது. பையன் அது என்னவோ என்று திருப்பித் தள்ளினான். பில்லை விளிம்பிலிருந்து விழுந்தது. வழவழப்பான தரையில், அதே மாதிரி, சுழன்று சுழன்று, காது மூடியைத் துளைக்கும் அதே சத்தத்தோடு வரிசையின் நடுவே உருண்டது. தம்பி குனிந்துவிட்டான்.

வரிசையில் கைத்தடி ஊன்றி நின்ற ஒரு கிழவர் தடியை விட்டுவிட்டார். தடுமாறிக்கொண்டே ஒரு காலைத் தூக்கினார். வேகமாகவும் இல்லை, அழுத்தியும் இல்லை, பில்லையின்மேல் அப்படியே மெல்ல வைத்தார்.

சத்தம் நின்றது.

அந்தக் காலை நான் முன்னே பார்த்திருக்கிறேன். முகம் அப்புறம்தான் அடையாளம் தெரிந்தது. பெரிய வாத்தியார் மகனே, நீதான். நான் உன்னைப் பார்த்துக்கொண்டே நின்றேன். “அன்னைக்கும் சத்தம் நிக்கணும்னுதான் காலை வெச்சேன்” என்றாய். அப்பா அடிப்பார் என்று உன்னால் நெஞ்சைத் தட்ட முடியவில்லை. கால் மட்டும்தான் பெஞ்சருகே, அப்பாவுக்குப் புரியாமல், வேலை செய்ய முடிந்தது. நான் அதை மிதிப்பது என்று நினைத்தேன். இத்தனை வருடம் கோயிலிலும் கல்யாணத்திலும் சாவு வீட்டிலும் உன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சத்தத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் என்று இவ்வளவு பக்கம் பீற்றிக்கொண்ட நான், ஒரு சத்தத்தை யார் நிறுத்தினார்கள் என்று பார்க்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

தம்பி நிமிர்ந்து உன்னைப் பார்த்தான். இரண்டு விரலால் நெஞ்சைத் தட்டினான். கண்ணாடிக்குப் பின்னால் பையன், “சார், நீங்க யாரு? வரிசையில நில்லுங்க” என்றான். நீ பில்லையின்மேல் வைத்த காலை எடுக்காமலே, கையைத் தூக்கி, இரண்டு விரலால் உன் நெஞ்சைத் தட்டினாய்.